பக்கத்து வீடும் அதற்கடுத்த வீடும்

ஆபீஸில் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது காதில் விழும் சொல் ‘ஃப்ரஸ்ட்ரேஷன்’. பில்ட் உடைந்தால் ஃப்ரஸ்ட்ரேஷன், அப்ரைசல் வந்தால் ஃப்ரஸ்ட்ரேஷன். இயற்பியலில் இதே சொல்லுக்குக் கறாரான ஒரு பொருள் உண்டு என்பது முப்பது வயதைத் தாண்டித்தான் எனக்குத் தெரியும். 1977-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஜெரார் துலூஸ் அதைத் தன் ஆய்வுக்கட்டுரையின் தலைப்பிலேயே வைத்தார். ஒரு பொருளுக்குள் இருக்கும் குட்டிக் காந்தங்களின் எல்லா விருப்பங்களையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற வழியே இல்லை என்றால், அது ஃப்ரஸ்ட்ரேஷன். அதில் யார் தப்பும் கிடையாது. அமைப்பே அப்படி.

காரைக்கால்காரனுக்கு இது சட்டென்று புரியும். எங்களுக்கு மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், கொஞ்ச தூரத்தில் நாகப்பட்டினம். கல்யாணம், கடைத்தெரு, ஆஸ்பத்திரி என்று வாழ்க்கை அந்தப் பக்கமும் இழுக்கும். ஆனால் எங்கள் தலைமைச் செயலகம் இருப்பது நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், புதுச்சேரியில். சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று இன்னொரு மாநிலத்தைக் கடந்துதான் நம்ம மாநிலத்துக்குப் போக வேண்டும். 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்த பிறகும் வரைபடம் மாறவில்லை. பக்கத்து வீடு ஒன்று சொல்லும், அதற்கடுத்த வீடு வேறொன்று சொல்லும்.

அப்பா போன பிறகு எங்கள் வீட்டிலும் இதே கதை. அக்கா நாகப்பட்டினத்தில். நான் பெங்களூரில். அம்மா காரைக்கால் வீட்டில் தனியாக. அக்கா தன்னோடு வந்துவிடச் சொன்னாள். மாநிலம் மாறினால் ரேஷன் கார்டிலிருந்து எல்லாம் மாறும் என்பது ஒரு பக்கம். மருமகன் வீட்டில் நிரந்தரமாக உட்கார முடியாது என்ற அம்மாவின் ரோஷம் இன்னொரு பக்கம். பெங்களூர் குளிரும் மூன்றாவது மாடியும் அவளுக்கு ஆகாது. தனியே விட எங்கள் இருவருக்கும் மனசில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் மாதக்கணக்கில் பேசினோம்.

அந்த நாட்களில்தான் ராத்திரி தூக்கம் வராமல் காந்தச் சங்கிலிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். என் காந்தவியல் முதல் செமஸ்டரில் ஒரு யூனிட்டோடு முடிந்துபோனது.

வரிசையாக நிற்கும் ஆட்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்து ஆள் பார்க்கும் திசையிலேயே பார்க்க ஆசை; ஆனால் அதற்கடுத்த ஆளுக்கு நேர் எதிரே பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துவராது. ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைவிடக் கொஞ்சம் திரும்பி நிற்பது. இரண்டாவது இழுப்பு முதலாவதில் கால் பங்கைத் தாண்டினாலே இந்தத் திருப்பம் தொடங்கிவிடும். இரண்டும் சம பலம் என்றால் திரும்பும் கோணம் சுமார் 75.5 டிகிரி. நம்பாமல் பைத்தானில் இருபது வரி எழுதிப் பார்த்தேன். அதே எண். யாருக்கும் முழுத் திருப்தி இல்லை, ஆனால் மொத்த ஆற்றல் அங்கேதான் மிகக் குறைவு. காந்தங்கள் சங்கிலி நெடுகச் சுருளாக நிற்கின்றன.

வேறு வழியும் உண்டு. 1969-இல் மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தில் சஞ்சல் குமார் மஜும்தாரும் தீபன் கோஷும் இன்னொரு சங்கிலியை ஆராய்ந்தார்கள். இதில் பக்கத்து ஆளோடும் எதிர்ப்பு, அடுத்த ஆளோடும் எதிர்ப்பு. இரண்டாவது முதலாவதில் சரிபாதி. குவாண்டம் விதிப்படி அங்கே காந்தங்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து, மற்றவர்களை அறவே மறந்துவிடுகின்றன. பாகப்பிரிவினைக்குப் பிறகான குடும்பம் மாதிரி.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது சுருள்தான். சங்கிலி போகும் திசை ஒன்று, காந்தங்கள் சுழலும் அச்சு ஒன்று. சைக்கிள் சக்கரம் போல அச்சு பாதைக்குக் குறுக்கே இருந்தால், இரண்டுக்கும் செங்குத்தாக மூன்றாவது திசை ஒன்று தானாகவே தனித்துவிடும். அந்தத் திசையில் எலக்ட்ரான்களும் அயனிகளும் மிக லேசாக நகர்கின்றன. பொருளில் மின்முனைவு பிறக்கிறது. சுழற்சியைத் திருப்பிப் போட்டால் மின்முனைவும் தலைகீழாகும். 2003-இல் ஜப்பானில் கிமுராவின் குழு டெர்பியம் மாங்கனைட்டில் இப்படி ஒரு மின்முனைவைக் கண்டது. காந்தப்புலம் கொடுத்தால் அது 90 டிகிரி திரும்பியது. அதற்குப் பின்னால் இருப்பது சுருள் என்பது அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் தெளிவானது. 2007-இல் லித்தியமும் தாமிரமும் சேர்ந்த ஓர் ஆக்சைடிலும் இதைப் பார்த்தார்கள். அது நிஜமாகவே ஒரு சங்கிலி: பக்கத்தோடு ஒத்துப்போகவும் அடுத்ததோடு முரண்படவும் விரும்பும் தாமிர அயனிகள்.

ஃப்ரஸ்ட்ரேஷன் இல்லையென்றால் இந்தச் சுருள் இல்லை. சுருள் இல்லையென்றால் இந்த மின்சாரமும் இல்லை.

நாங்கள் கடைசியில் செய்ததும் ஒரு திருப்பம்தான். அம்மா நான்கு மாதம் காரைக்கால், நான்கு மாதம் நாகப்பட்டினம், நான்கு மாதம் பெங்களூர். கார்டு, ஓட்டு எல்லாம் காரைக்காலிலேயே. போனில் இந்தச் சங்கிலிக் கதையை அவளிடம் சொன்னேன்.

“அப்ப யாருக்கும் முழுசா திருப்தி இல்லங்கிற.”

“ஆமாம்மா. ஆனா அதுலதான் கரண்டு வருது.”

“எவ்ளோ வருது?”

உண்மையைச் சொன்னேன். ரொம்பக் கொஞ்சம். பழைய பேரியம் டைட்டனேட்டில் கிடைப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் மைனஸ் 245 டிகிரிக்குக் கீழே போனால்தான்.

“அவ்ளோ குளுருல எதுதான்டா சண்டை போடும்?” என்றாள்.

அவள் சொன்னது சரி. மாங்கனைட்டைச் சூடேற்றினால் 28 கெல்வினில் சுருள் கலைந்துவிடும், காந்தங்கள் வெறும் அலையாக மிஞ்சும், மின்முனைவு போய்விடும். எங்கள் ஏற்பாடும் ஒரு காய்ச்சலில், ஒரு கோபத்தில் கலைந்துபோகலாம். அப்போது மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும். இப்போதைக்கு, ஆடி முடியும்வரை நாகப்பட்டினம்.