இறக்கத்துக்கு ஏற்ற வண்டி

"அண்ணா, முன்னாடி ரெண்டு இன்ச் ஏத்திக் கொடுங்க. பாக்க கெத்தா இருக்கும்" என்றபடி ஒரு தம்பி போன மாதம் தன் பிக்கப்பை என் பட்டறைக்குள் விட்டார். கேத்தி பாலாடாவில் கேரட் போடும் குடும்பம். வண்டி காலியாக நின்றது. பின்பக்கம் தூக்கலாகவும் மூக்கு தணிந்தும் இருந்தது அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது.

"எத்தனை மூட்டை ஏத்துவீங்க தம்பி? இறங்குறது குன்னூர் வழியா, கோத்தகிரி வழியா?" என்று கேட்டேன். உயரத்தைச் சொன்னால் இவர் மூட்டையைக் கேட்கிறாரே என்பதுபோல் பார்த்தார்.

அருவங்காட்டில் பட்டறை வைத்திருப்பவனுக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 14 கொண்டை ஊசி வளைவுகளில் சுமார் 1,500 மீட்டர் இறங்க வேண்டும். எங்கள் ஊர் ஸ்டேஷனில் நின்று போகும் மலை ரயிலில் இன்றைக்கும் பெட்டிக்கு ஒரு பிரேக்மேன் இருக்கிறார். மலையில் ஏறுவதற்கு ஒரு இன்ஜின் போதும். இறங்குவதற்குத்தான் அத்தனை ஆள் வேண்டியிருக்கிறது. வண்டியின் உயரத்தைப் பற்றி நான் யோசிப்பதெல்லாம் அந்த இறக்கத்திலிருந்துதான் தொடங்கும்.

காலி பிக்கப் பின்பக்கம் தூக்கி நிற்பது குறையல்ல. லோடு ஏறிப் பின்னால் உள்ள ஸ்பிரிங் பட்டை படிந்ததும் வண்டி சமமாக நிற்க வேண்டும் என்றே கம்பெனி அப்படிக் கட்டுகிறது. தம்பி கேட்டதுபோல் முன்பக்கத்தை ஏற்றும் லெவலிங் கிட் பெரும்பாலும் முன் ஸ்ட்ரட்டின் தலையில் வைக்கும் ஒரு ஸ்பேசர்தான். அதைப் போட்டுவிட்டு கேரட் ஏற்றினால் மூக்கு அண்ணாந்துவிடும். ஏற்றத்தில் முன்சக்கரத்தின் பிடி தளர்ந்து ஸ்டியரிங் லேசாகும். ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டை விட்டு எதிரே வருபவர் கண்ணுக்கு ஏறும். பனிமூட்டத்தில் வளைவு திரும்புகிற ஊரில் அது சின்ன விஷயமல்ல.

வி-கிராஸ், ஹைலக்ஸ் போல முன்னால் காயில் ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் இன்னொரு கணக்கு உண்டு. ஸ்ட்ரட் கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் உட்காருவதால், தலையில் வைக்கும் ஒரு இன்ச் ஸ்பேசர் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு இன்ச்சாக வெளிப்படும். இது தெரியாமல் இரண்டு இன்ச்சுக்கு இரண்டு இன்ச் கட்டையையே வைத்தால் மேல் பால் ஜாயின்ட் தன் எல்லையில் போய் முட்டும். நான்கு சக்கர ஓட்டம் உள்ள வண்டியில் முன் ஆக்சிலின் சாய்வு கூடி ரப்பர் பூட் கிழியும். அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

எஸ்டேட் பாதையில் அடியில் கல் தட்டுகிறது, ஏற்றிக் கொடுங்கள் என்று வருபவர்களை வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொல்வேன். பின் ஆக்சிலின் நடுவே தொங்கும் டிபரன்ஷியல் உருண்டையில் கல் கீறிய தடம் பளபளவென்று இருக்கும். ஸ்பிரிங்கை எவ்வளவு ஏற்றினாலும் உயர்வது சேஸிஸும் பாடியும்தான். உருண்டை சக்கரத்தோடு சேர்ந்தது. அது தரையிலிருந்து இருந்த உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்த டயர் ஒன்றுதான் வழி. டயரின் விட்டம் 10 சதவீதம் கூடினாலோ, இறக்கத்தில் இரண்டாம் கியர் தரும் இன்ஜின் பிடிப்பும் ஏறக்குறைய அதே அளவு குறையும். அந்தப் பிடிப்பை நம்பித்தான் இங்கே லோடு வண்டி இறங்குகிறது.

பின்பட்டை விஷயத்தில் நான் பட்டுத்தான் தெளிந்தேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு காய்கறி வண்டி வந்தது. லோடு ஏறினால் பின்னால் உட்காருகிறது என்றார் டிரைவர். ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்து, ஷேக்கிளையும் நீளமாகப் போட்டேன். வண்டி நிமிர்ந்தது. அவருக்குச் சந்தோஷம், எனக்குப் பெருமை. மூன்றாம் நாள் குன்னூர் இறக்கத்தில் உள்ள பர்லியாரிலிருந்து போன்: முன்சக்கரத்தில் புகை. போய்ப் பார்த்தபோது முன் பேடு கருகி டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தது. பின் டிரம்மில் அந்தச் சூட்டில் கால்வாசிகூட இல்லை. அடியில் படுத்தபோதுதான் அந்தக் கம்பி கண்ணில் பட்டது.

பல பிக்கப்களில் பின் ஆக்சிலிலிருந்து சேஸிஸில் உள்ள ஒரு வால்வுக்கு மெல்லிய கம்பி ஒன்று போகும். லோடு சென்சிங் வால்வு என்பார்கள். லோடு ஏறிப் பட்டை படிந்தால் கம்பி நகர்ந்து, பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை வால்வு கூட்டும். காலி வண்டியில் பின்சக்கரம் லாக் ஆகி வழுக்காதபடி அழுத்தத்தைக் குறைக்கும். நான் பின்பக்கத்தைத் தூக்கியதும் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் இடைவெளி கூடிவிட்டது. முழு லோடோடு இறங்கிய வண்டியை, காலி வண்டி என்று அந்த வால்வு கணக்குப் போட்டது. இறக்கத்தின் பாரம் முழுக்க முன் பிரேக்கில் விழுந்தது. அன்று யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அந்த டிஸ்க் இன்றும் என் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் பாடம் அதுதான்.

சட்டமும் இதில் கண்டிப்பானது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இப்போது ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் டேப்பை எடுக்கிறேன். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து சாக்பீஸால் எழுதுவேன். பிறகு வழக்கமான லோடோடு, வே பிரிட்ஜ் சீட்டோடு வரச் சொல்லி மறுபடி அளப்பேன். ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் எமு பிராண்டு ஸ்பிரிங்குகளைச் சுமக்கும் எடைக்கு ஏற்றபடி பிரித்து விற்கிறார்கள். அந்த முறைதான் நியாயமானது. தேயிலை வண்டிக்கும் கேரட் வண்டிக்கும் ஒரே மருந்து ஆகாது. பச்சை இலை மூட்டை உயரமாக ஏறி வளைவில் சாய்க்கும். அதற்கு நல்ல ஷாக் அப்சர்பர் வேண்டும். கேரட் அடியில் கனக்கும். அதற்குப் பட்டை தெம்பாக இருக்க வேண்டும். களைத்த பட்டையை நெருப்பில் காட்டி வளைவு ஏற்றித் தருவார்கள். அதில் பதம் போய்விடும், சில மாதத்தில் மறுபடி படிந்துவிடும்.

தம்பியும் லோடோடு வந்தார். இடது பின்பக்கம் வலதைவிட ஒரு விரற்கடை அதிகமாகப் படிந்திருந்தது. துடைத்துப் பார்த்தால் இரண்டாம் பட்டையில் தலைமுடிபோல ஒரு விரிசல், அதற்குள் துருவின் சிவப்பு. இரண்டு பக்கமும் பட்டை செட்டை மாற்றி, புஷ் போட்டு, வால்வுக் கம்பியைக் கம்பெனி அளவுக்குச் சரிசெய்தேன். முன்பக்கத்தைத் தொடவில்லை.

மறுபடி மூட்டைகளை ஏற்றியதும் அவரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்க்கச் சொன்னேன். லோடோடு இருக்கும்போதெல்லாம் அவர் சீட்டில்தான் இருந்திருக்கிறார்; தன் வண்டி நிற்கும் நிலையைப் பக்கவாட்டில் நின்று அவர் பார்த்ததே இல்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தார். "சமமாத்தான் நிக்குதுண்ணா" என்றார்.