பாடு

பழவேற்காட்டில் ஒரு மீனவரிடம் போய் 'பாடு' என்று சொல்லிப் பாருங்கள். பாட மாட்டார், ஏரியைக் காட்டுவார். அங்கே பாடு என்றால் ஏரிக்குள் வலை போடுகிற இடம், அதற்கான முறை. எந்த நாள், எந்த இடம், யாருக்கு என்று சீட்டுப் போட்டு, சண்டை வராமல் சுழற்றிக்கொள்வார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் மூன்றும் இதில் பழைய உரிமைக்கார ஊர்கள். தவக்காலம் வந்தால் அதே சொல் இயேசுவின் பாடுகளாகிவிடும். முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டு இறால் வராமல் போனால், அப்போது படுகிற பாடு தனி. இதற்கெல்லாம் அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடுகிற பாட்டு.

அந்தப் பாட்டை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில் எனக்கு ரொம்ப நாளாக ஓர் ஆர்வம். ஓதுவார் எந்தப் பதிகத்தை எடுப்பார் என்று கோயிலில் காத்திருப்பேனே, அதே மாதிரி.

பழவேற்காடு இதற்குச் சரியான ஊர். மகிமை மாதா கோயிலுக்குத் தொடக்கம் 1515 என்கிறார்கள். போர்த்துக்கீசியர் காலம், பூசையெல்லாம் லத்தீன். பிறகு டச்சுக்காரர்கள் வந்து, 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய சபையில் கண்டிப்பு அதிகம். மனுஷன் இட்டுக்கட்டின பாட்டு வழிபாட்டில் எதற்கு, தாவீதின் 150 சங்கீதம் போதாதா என்கிற கட்சி. பேத்ருஸ் டாதேனுஸ் என்பவர் 1566-ல் டச்சு மொழியில் செய்த சங்கீதங்களைத்தான் கப்பலிலும் கோட்டையிலும் இழுத்து இழுத்துப் பாடினார்கள். அதைவிட நல்ல மொழிபெயர்ப்பு சீக்கிரமே வந்துவிட்டது. ஆனாலும் 1773 வரை, இருநூறு வருஷத்துக்கு மேல், டாதேனுஸை அசைக்க முடியவில்லை. ஜனங்கள் வாயில் ஏறிய பாட்டை இறக்குவது லேசுப்பட்ட காரியமா?

அந்தக் கோட்டையில் 1632 முதல் பத்து வருஷம் போதகராக இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியுஸ். ஞாயிற்றுக்கிழமை சங்கீதம். மற்ற நாட்களில் பத்மநாபன் என்ற பிராமணரிடம் உட்கார்ந்து பர்த்ருஹரியின் சுபாஷிதங்களைக் கேட்டு டச்சில் எழுதினார். அவர் இறந்த பிறகு, 1651-ல் அது புத்தகமாக லெய்டனில் வந்தது. உப்புக்காற்று அடிக்கிற ஒரு கோட்டைக்குள் ஒரே மனிதருக்குள் தாவீதும் பர்த்ருஹரியும் எப்படிக் குடித்தனம் பண்ணினார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது வேப்பேரி மிஷனரி ஃபெப்ரீஷியஸ் ஓடிவந்து தங்கியதும் பழவேற்காட்டில்தான். ஜெர்மன் ஞானப்பாட்டுகளை அதே மெட்டில் உட்காருகிற மாதிரி தமிழில் செய்தவர். லுத்தரன் சபைகளிலும் சி.எஸ்.ஐ.யிலும் இன்றும் பாடுகிறார்கள். குறில் நெடிலாகும், சொல் நடுவில் உடையும். காது கொஞ்சம் முனகும். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் ராகம் தாளத்தோடு கீர்த்தனை எழுதினாரே, அது நம் காதுக்குப் பிறந்தது. ஆனால் புதிதாக வந்த இங்கிலீஷ் மிஷனரிகளுக்கு அது கோயிலுக்குள் ஆகாது என்று தோன்றியது. சாஸ்திரியார் சும்மா இருக்கவில்லை, எழுதியே சண்டை போட்டார். சண்டை போட்டவர்கள் போய்விட்டார்கள், இன்று ஒரே ஆராதனையில் பாமாலையும் கீர்த்தனையும் அடுத்தடுத்து வருகின்றன.

கத்தோலிக்கக் கோயில்களில் லத்தீன் போய்த் தமிழ் வந்தது, 1963-ல் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றி முடிவெடுத்த பிறகு. ஞாயிறு பூசையில் முதல் வாசகத்துக்கு அப்புறம் வருகிற சங்கீதத்தை நாட்காட்டியே சொல்லிவிடும். அதில் கைவைக்க முடியாது. வருகைப் பாட்டு, காணிக்கைப் பாட்டு, சாவு, கல்யாணம் இதிலெல்லாம்தான் உள்ளூர் ஆள் தேர்ந்தெடுக்கலாம்.

ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் அப்படித் தேர்ந்தெடுக்கிற ஒரு உபதேசியாரைப் பார்த்தேன். எழுபது வயசுக்கு மேல். முன்பு வலைக்குப் போனவர். அட்டை கிழிந்த நோட்டில் எண்களாக எழுதி வைத்திருந்தார். எல்லாம் பழைய எண்கள். பழைய கத்தோலிக்க பைபிளில் பெரும்பாலான சங்கீதங்களுக்கு எண் ஒன்று குறைவு. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் மாறிவிட்டது. இவர் 129 என்று சொல்ல, கீபோர்டு பையன் புதுப் புத்தகத்தில் 129-ஐப் புரட்ட, முதுகில் ஏர் ஓட்டினார்கள் என்று வேறு ஏதோ வந்திருக்கிறது. "அன்னிக்கி சாமியே சிரிச்சிட்டாரு" என்றார்.

நான் கேட்டேன்: "ஐயா, 107-ஆம் சங்கீதத்துல கப்பல்ல போறவங்க, புயல், அலை, அப்புறம் கடவுள் கரை சேர்க்குறது எல்லாம் வருதே. மேய்ப்பன், ஆடு, புல்வெளியைவிட உங்க ஊருக்கு அதுதானே பொருத்தம்? கல்லறைத் திருநாளுக்கு அதைப் பாடலாமே?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். மழைக்காலம். கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களுக்குக்கூடக் கல்லறை இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கி, தொல்லியல் துறை காவலோடு. கடலுக்குப் போய்த் திரும்பாதவனுக்கு எங்கே வத்தி ஏற்றுவது?

"அந்தச் சங்கீதம் கரைக்கு வந்தவன் பாடுறது சார்" என்றார் கடைசியில். "வராதவன் பொண்டாட்டி முன்னாடி உக்காந்திருக்கும்போது, ஆண்டவர் கரை சேத்தாருன்னு நான் எப்படிப் பாட? இவன மட்டும் ஏன் சேக்கலன்னு அது என்னைக் கேக்காது. அது கண்ணு கேக்கும்."

"அப்போ என்ன பாடுவீங்க?"

"129. உங்களுக்கு 130. ஆழத்துலேருந்து கூப்புடுற பாட்டு. அதுல கரை வராது. விடியலுக்குக் காத்துக்கிட்டிருக்கிறதோட சரி."

சாவுக்கு அந்தச் சங்கீதத்தைப் பாடுவது ரோமாபுரி வரைக்கும் இருக்கிற பழைய வழக்கம்தான். ஆனால் ஏரியின் ஆழத்தைக் கோல் ஊன்றிப் பார்த்தே வயசான ஒருவர், ஆழம் என்று சொல்லும்போது அது வேறு மாதிரி இருந்தது.

"107-ஐப் பாடவே மாட்டீங்களா?"

"ஏன் பாடாம? புயல் எச்சரிக்கை போட்டு, எல்லா போட்டும் திரும்பி வந்துட்டா, அடுத்த ஞாயித்துக்கெழம காணிக்கைக்கு அதான். தலையை எண்ணிப் பாத்துட்டுத்தான் எடுப்பேன்."