ஆரணியில் கற்ற கணக்கு

ஆரணி என்றதும் உங்களுக்குப் பட்டுப்புடவை நினைவுக்கு வந்திருக்கும். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. நான் போய்வந்தது இன்னொரு ஆரணி. திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்துக்குப் பக்கத்தில், ஆரணியாற்றங்கரையில் இருக்கும் சின்னஞ்சிறு ஊர். ஆந்திர மலைகளில் பிறந்து, சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் என்று நடந்து, இந்த ஊரையும் தொட்டுக்கொண்டு பழவேற்காட்டுப் பக்கம் கடலில் கலக்கிறது அந்த ஆறு.

ஆடி மாதம் பெரியபாளையத்தம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக என் ஓரகத்திக்கு ஒரு வேண்டுதல். அவள் மகளுக்கு வளைகாப்பும் நெருங்குகிறது. "அக்கா, அம்மனையும் பார்த்துடலாம், அப்படியே ஆரணிக்குப் போய்த் தறியிலேயே நாலு புடவையும் வாங்கிடலாம், வாங்க" என்றாள். செங்குன்றம் வழியாகப் பஸ் ஏறினோம்.

ஆடி ஞாயிறு என்றால் பெரியபாளையத்தில் கேட்கணுமா! வேப்பிலை ஆடை உடுத்தி வலம் வருகிறவர்கள், மூன்று கல் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கிறவர்கள், மொட்டை போட்டுக்கொண்டு அழுகிற குழந்தைகள் என்று எள் போட்டால் விழாத கூட்டம். வேப்பிலைக் கட்டு விற்கிற பாட்டியின் கூடையில்கூட, கயிற்றில் கட்டித் தொங்குகிறது அந்தக் கட்டம் போட்ட க்யூஆர் அட்டை! "சில்லறை இல்லைன்னா இதுல போடு கண்ணு" என்கிறாள்.

வழியில் ஒரு பாத்திரக் கடை. வளைகாப்புக்குப் பித்தளைச் சாமான் 2,500 ரூபாய்க்கு எடுத்தோம். ஓரகத்தி பேங்க் கார்டை நீட்டினாள். கடன் அட்டை இல்லை, அவள் கணக்கிலிருந்தே பணம் போகிற சாதாரண டெபிட் கார்டுதான். "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேரும்மா" என்றார் கடைக்காரர். ஐம்பது ரூபாய். அவளும் தலையாட்டிவிட்டாள், நானும் பேசாமல் நின்றேன். ஊருக்கு ஊர் இப்படித்தானே வாங்குகிறார்கள் என்று நினைப்பு.

பெரியபாளையத்திலிருந்து ஆரணி கொஞ்ச தூரந்தான். நடுக்கூடத்தில் தறி போட்ட வீடு ஒன்றைத் தெரிந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். உள்ளே நுழையும்போதே "டடக், டடக்" என்று நாடா ஓடும் சத்தம். வீட்டுக்காரருடைய கால் குழிக்குள் மிதி போட, கை விசையை இழுக்க, பாவின் குறுக்கே ஊடை ஓடி இழை இழையாகத் துணி வளர்கிறது. அந்த அக்கா ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். "வாங்கம்மா, உக்காருங்க" என்று பாய் விரித்து மோர் கொடுத்தாள்.

புடவைகள் பிரமாதம். ஓரகத்தி வழக்கம்போல் ஆரம்பித்தாள். "நாலு எடுக்கறோம், நூறு ரூபா குறைச்சுக்குங்க."

அந்த அக்கா சிரித்தாள். "குறைக்கறேம்மா. ஆனா என் கணக்கை ஒருவாட்டி பாத்துட்டுக் கேளுங்க" என்று ஒரு நோட்டை எடுத்து வந்தாள். பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட நோட்டு. ஒரு பத்திக்கு 'வரவு', அடுத்ததற்கு 'நூல், கூலி', கடைசிப் பத்திக்கு 'பிடித்தம்' என்று தலைப்பு. அந்தக் கடைசிப் பத்தியால்தான் வயிறு எரிந்தது என்றாள்.

முன்பெல்லாம் அவர்கள் கூலிக்குத்தான் நெய்தார்களாம். செல்போன் வந்தபிறகு, படம் எடுத்து அனுப்பி நேரே விற்கத் துணிந்திருக்கிறார்கள். வெளியூர் வாடிக்கையாளர் ஒருத்தர், "கடன் அட்டையில்தான் கொடுப்பேன்" என்றாராம். அதற்காக ஒரு கம்பெனியின் பணம் வாங்கும் வசதியில் சேர்ந்திருக்கிறார்கள். இரண்டு புடவை, நாலாயிரம் ரூபாய். கணக்கில் வந்து விழுந்தது 3,905 ரூபாய் 60 பைசா. இரண்டு சதவீதம் கட்டணம் 80 ரூபாய். அந்தக் கட்டணத்தின்மேல் பதினெட்டு சதவீதம் ஜிஎஸ்டி 14 ரூபாய் 40 பைசா. மொத்தம் 94 ரூபாய் 40 பைசா.

"நாலாயிரத்துல தொண்ணூத்தி நாலு என்ன பெரிசுன்னு தோணும். நூல், சாயம், கூலி போக ரெண்டு புடவையில எனக்கு நிக்கிறது முந்நூறு. அதுல மூணுல ஒரு பங்கு போயிடுச்சே! யாருக்குக் குடுத்தேன், எதுக்குக் குடுத்தேன், அதுவே எனக்குத் தெரியல."

இது போதாதென்று, பணம் வந்தால் சத்தம் போட்டுச் சொல்கிற பெட்டி ஒன்றை ஓர் ஆள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனானாம். இனாம் என்று நினைத்தார்கள். மாதம் நூறு ரூபாய் வாடகை, வரியோடு நூற்றுப் பதினெட்டு. வருஷத்துக்கு 1,416 ரூபாய்! வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் வருகிற வீட்டுக்கு அந்தப் பெட்டி எதற்கு? திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"விக்கிறதே வேணாம், கூலிக்கே போயிடலாம்னு இவரு சொல்லிட்டாரு" என்றாள், தறிப்பக்கம் கண்ணைக் காட்டி. அப்போதுதான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்கிற மகன், லீவு நாளில் உட்கார்ந்து, எதற்குக் கட்டணம் உண்டு, எதற்கு இல்லை என்று நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறான். அதை நானும் குறித்துக்கொண்டு வந்து, வீட்டில் விசாரித்துச் சரிபார்த்தேன். சகோதரிகளே, நமக்கும் உதவும்.

யுபிஐ என்கிற முறை 2016-இல் வந்தது. பேங்க் கணக்கிலிருந்து நேரே இன்னொரு கணக்குக்குப் போகிற பணம் இது. இதற்கும் ரூபே டெபிட் கார்டுக்கும், வியாபாரியிடம் கட்டணம் பிடிக்கக்கூடாது என்று 2020 ஜனவரி 1 முதல் சட்டம். வாங்குகிறவருக்கும் கட்டணம் இல்லை. ஆனால் போனிலேயே பணம் போட்டு வைக்கிற 'வாலட்'டிலிருந்து இரண்டாயிரத்துக்கு மேல் கடைக்குக் கொடுத்தால், 2023 ஏப்ரல் முதல் 1.1 சதவீதம் வரை வியாபாரி தரப்பில் கட்டணம் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

மற்ற டெபிட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கி 2018-இல் உச்சவரம்பு வைத்தது. ஆண்டு விற்பனை இருபது லட்சத்துக்குள் உள்ள சிறு வியாபாரிக்கு 0.40 சதவீதம், பெரியவர்களுக்கு 0.90 சதவீதம். அப்படியானால் எங்கள் 2,500 ரூபாய்க்கு மிஞ்சி மிஞ்சிப் போனால் 22 ரூபாய் 50 பைசாவும் அதன் வரியும்தான்! சிறு கடையானால் பத்து ரூபாய். ரூபே கார்டானால் ஒன்றுமே இல்லை. டெபிட் கார்டுக்கு இப்படிச் சதவீதம் போட்டு வாடிக்கையாளரிடம் வாங்குவது சரியல்ல என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஓரகத்தி கொடுத்த ஐம்பது ரூபாயை நினைத்துக்கொண்டேன்.

கடன் அட்டைக்குத்தான் கட்டணம் அதிகம். வாங்குகிற நமக்குத் தெரியாமலே விற்கிறவர் தலையில் அது விழுகிறது.

எல்லாம் இலவசம் என்றால் யார் கொடுக்கிறார்கள்? சிறு வியாபாரிகள் யுபிஐயில் வாங்கும் இரண்டாயிரத்துக்கு உட்பட்ட தொகைகளுக்காக, 2024-25-க்கு 0.15 சதவீதம் கணக்கிட்டு வங்கி முதலானவர்களுக்கு அரசாங்கம் ஊக்கத்தொகை கொடுக்க ஒப்புக்கொண்டது. அதற்காக ஒதுக்கியது சுமார் 1,500 கோடி ரூபாய். எங்கோ ஓரிடத்தில் நம் வரிப்பணம்தான்.

என் அம்மா காலத்தில் மணியார்டருக்கு இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன். நூறு ரூபாய் அனுப்ப ஐந்து ரூபாய்! ஆனால் அந்த ஐந்து ரூபாயை அம்மா தன் கையால் எண்ணிக் கொடுத்தாள். இப்போது பிடிக்கிற பணம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அதனால்தான் நோட்டு அவசியம்.

அந்த அக்கா இன்னொன்றும் சொன்னாள். பணம் அனுப்புவதாகப் போனில் பேசிய ஒருவன், "இதை ஸ்கேன் பண்ணி ரகசிய எண்ணைப் போடுங்க, பணம் வரும்" என்றானாம். போட்டாள். வரவில்லை, மூவாயிரம் போய்விட்டது. "வாங்கறதுக்கு ரகசிய எண்ணே வேணாம்மா. குடுக்கறதுக்குத்தான் வேணும். அது தெரிய எனக்கு மூவாயிரம் ஆச்சு" என்றாள். அப்படி ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யவேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிவிடும்.

இரண்டு ஆரணிக் குழப்பம் வேறு! ஒருவர் திருப்பி அனுப்பிய பார்சல் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போய்விட்டு வந்ததாம். பார்சல் செலவு இரண்டு மடங்கு. இப்போது பின்கோடைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்கிறாள். இங்கே 601-இல் ஆரம்பம், அங்கே 632.

இப்போது அவள் வழி எளிது. உள்ளூர்க்காரர்கள் யுபிஐ. கடன் அட்டைதான் என்று சொல்கிறவர்களிடம் கட்டணத்தை மறைக்காமல் முதலிலேயே சொல்லி விலை பேசிவிடுகிறாள். வாரம் ஒருநாள் பேங்க் கணக்கையும் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள். கூலிக்குப் போகும் பேச்சு வீட்டில் நின்றுவிட்டது.

நாலு புடவைக்கும் ஓரகத்தி போனில் பணம் அனுப்பினாள். ரகசிய எண் போடும்முன், "திரையில யார் பேரு வருது, படிச்சுச் சொல்லும்மா" என்று அந்த அக்கா கேட்டு, தன் வீட்டுக்காரர் பெயர்தான் என்று உறுதி செய்துகொண்டாள். மணி அடித்தது. சொன்னபடியே நூறு ரூபாய் குறைத்துத்தான் கேட்டாள். ஓரகத்தி முழு விலையே அனுப்பியிருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் ஓரகத்தி வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "ஏன்க்கா, பாத்திரக் கடையில ஐம்பது ரூபாயை வாயைத் திறக்காமக் குடுத்தேன். நெய்யறவங்ககிட்ட மட்டும் நூறு குறைன்னு கேட்டேனே!"

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். ஜன்னல் வழியே ஆரணியாற்று மணல் தெரிந்தது. மடியில் நாலு புடவை.