மஞ்சள் சட்டையும் கட்டாத பையும்



போன வாரம் பேத்தியின் படம் போட்டிருந்தேன். கண் பட்டுவிடும் என்று முகத்தைக் காட்டவில்லை. சட்டை மட்டும்தான் தெரிந்தது. "டீச்சர், அந்த மஞ்சள் சட்டை எந்தக் கடையில் வாங்கினது?" என்று ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள். கடையில் வாங்கினதில்லை. 1988-இல் நான் கையால் தைத்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

வளைகாப்பு முடிந்து மகளைச் சென்னையிலிருந்து அழைத்து வந்தோம். எங்கள் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியர் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் படித்தவள். வீட்டுக்கு வரும்போதெல்லாம் மகளுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பாள். தாய் சேய் நல அட்டையில் ஒரு முறை, தன் பதிவேட்டில் ஒரு முறை என்று எழுதிக்கொள்வாள். எட்டாம் மாதம் அழுத்தம் சற்று ஏறியபோது டாக்டரிடம் அனுப்பி மாத்திரை வாங்க வைத்ததும் அவள்தான். போகும்போது வாசலில் நின்று என்னிடம் ஒரே கேள்வி கேட்பாள்.

"டீச்சர், ஆஸ்பத்திரிக்குப் பை எடுத்து வெச்சாச்சா?"

"இன்னும் நாள் இருக்கேம்மா."

"வலி நாள் பார்த்து வராது டீச்சர்."

சரி சரி என்று அனுப்பிவிடுவேன். மகளும் ஃபோனில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். "நானே எடுத்து வெச்சுக்கறேம்மா" என்றாள். நான் விடவில்லை. "குழந்தை பிறக்கறதுக்கு முன்னாடி அதுக்குன்னு எதையும் சேர்க்கக் கூடாது. நம்ம வீட்ல அந்தப் பழக்கம் இல்லை" என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவள் அதற்கு மேல் பேசவில்லை.

முப்பத்தாறாவது வாரம். இரவு ஒன்றே முக்கால் மணிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. சார் 108-க்கு ஃபோன் போட்டார். வண்டி வருவதற்குள் ஒரு கட்டைப்பையில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் திணித்தேன். என்ன திணித்தேன் என்று ஆஸ்பத்திரியில் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மூடி இல்லாத ஃபிளாஸ்க், என் பென்ஷன் பாஸ்புக், சாருடைய சார்ஜர், ஒரு டப்பா சர்க்கரை!

டியூட்டி டாக்டர் மகளுக்கு அழுத்தம் பார்த்தார். முகம் மாறியது. "போன தடவை எவ்வளவு இருந்துச்சு? என்ன மாத்திரை சாப்பிடறாங்க? அட்டையைக் குடுங்கம்மா."

அட்டை வீட்டில், பீரோவில் இருந்தது. பதினான்கு கிலோமீட்டர். மாத்திரையின் பெயர் எனக்குத் தெரியாது. மகளோ வலியில் இருந்தாள். "ஓ நெகட்டிவ்" என்று ரத்த வகையை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகை முன்னால் கேள்வி கேட்டவள், பதில் தெரியாத பிள்ளை மாதிரி நின்றேன்.

மணி மூன்று இருக்கும். அந்தச் செவிலியருக்கு ஃபோன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். "டாக்டர்கிட்ட குடுங்க டீச்சர்" என்றாள். பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு தேதியின் அழுத்தத்தையும், மாத்திரை, அளவு எல்லாவற்றையும் வாசித்தாள். "பை கட்டச் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விடியற்காலை பாப்பா பிறந்தாள். இரண்டு கிலோ முந்நூற்றைம்பது கிராம். நர்ஸ் வெளியே வந்து, "சுத்தமான பருத்தித் துணி குடுங்கம்மா" என்றார். எங்களிடம் ஒரு முழம் துணி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா தன் பையைப் பிரித்துப் பாதி வேட்டி ஒன்றை நீட்டினார். "வெந்நீர்ல அலசி வெயில்ல காயவெச்சது, எடுத்துக்குங்க." அவர் மகளுக்கு அப்போதுதான் வலி ஆரம்பித்திருந்தது. முன்பின் தெரியாதவர்கள் வீட்டுப் பழைய வேட்டியில்தான் என் பேத்தியைச் சுற்றினார்கள். சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கலாமா என்று கேட்டேன். "டப்பாவை உள்ளே வைங்க பாட்டி, தாய்ப்பால் மட்டும்தான்" என்று சொல்லி, ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க வைத்துவிட்டார். பாப்பாவின் ரத்தம் பாசிட்டிவ். அதனால் 72 மணி நேரத்துக்குள் மகளுக்குப் போட வேண்டிய ஊசியையும் போட்டார்கள்.

இப்போது சட்டைக்கு வருகிறேன்.

1988-இல் எனக்கு முதல் பிரசவம். ஆசை ஆசையாக ஐந்து சட்டைகள் தைத்து வைத்தேன். கால் வீங்கியது, தலை வலித்தது. பரீட்சைப் பேப்பர் திருத்துகிற அலுப்பு என்று நினைத்து யாரிடமும் காட்டவில்லை. ஒன்பதாம் மாதம் வலிப்பு வந்து விழுந்தேன். என்னைக் காப்பாற்றினார்கள். பையனைக் காப்பாற்ற முடியவில்லை. டாக்டர் "பிரஷர்" என்றார். மாமியார் "முன்னாடியே தைச்சு வெச்சாளே" என்றார். இரண்டும் காதில் விழுந்தன. மனதில் தங்கியது மாமியார் சொன்னதுதான்.

அவரைக் குறை சொல்லவில்லை. முதல் பேரனைப் பறிகொடுத்தவர். துக்கத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. சட்டைதான் கண்ணெதிரே இருந்தது. ஆனால் நான் அறிவியல் டீச்சர். ஒன்றை அடுத்து இன்னொன்று நடந்தால் முதலாவதுதான் காரணம் என்று ஆகிவிடாது என்று உங்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவள். என் வீட்டில் மட்டும் சட்டையைக் குற்றவாளியாக்கிவிட்டேன். அந்தப் பயத்தில் மகளுக்குப் பை கட்டவிடவில்லை. கடைசியில், எந்த அழுத்தம் என் பையனைக் கொண்டுபோனதோ அதே அழுத்தத்தின் கணக்கு எழுதிய அட்டையைத்தான் பீரோவில் விட்டுவிட்டுப் போனேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்தான் என்பது அவளுக்குத் தெரியும். சட்டை விஷயம் தெரியாது. நான்கைக் கொடுத்துவிட்டேன், ஒன்று மட்டும் டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்தது. "எடுத்துட்டு வாம்மா" என்றாள். துவைத்து, வெயிலில் உலர்த்திக் கொடுத்தேன். போட்டுவிட எனக்குக் கை வரவில்லை. அவள்தான் போட்டுவிட்டாள். கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருக்கிறது.

கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டாருக்கு டீச்சர் தரும் வீட்டுப்பாடம் இது. எட்டாம் மாதம் பிறந்ததும் பையைக் கட்டுங்கள். முதலில் காகிதங்கள்: தாய் சேய் நல அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள், ஆதார் நகல், மாத்திரைச் சீட்டு. பிறகு தாய்க்கு முன்பக்கம் திறக்கும் நைட்டி மூன்று, உள்ளாடை, பெரிய நாப்கின், துண்டு, சீப்பு, சோப்பு, செருப்பு. குழந்தைக்குத் துவைத்த பழைய வேட்டித் துணி ஏழெட்டு, தொப்பி, காலுறை. கூட இருப்பவருக்குப் போர்வை, சார்ஜர், டம்ளர், மூடியோடு ஃபிளாஸ்க், கொஞ்சம் சில்லறை. பை எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். புதுத் துணி வாங்கப் பயமாக இருந்தால் வாங்க வேண்டாம். பழைய வேட்டி போதும், அதுதான் குழந்தைக்கு இதமும்கூட.

இன்னொன்று. கால், முகம் வீங்கினாலோ, விடாத தலைவலி வந்தாலோ, கண் மங்கினாலோ அலுப்பு என்று படுத்துவிடாதீர்கள். அன்றைக்கே போய் அழுத்தம் பாருங்கள்.

அந்தச் செவிலியரும் இதைப் படிப்பாள். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஒன்பதாம் வகுப்பில் உனக்கு எத்தனை மார்க் போட்டேன் என்று நினைவில்லை அம்மா. இப்போது போடுகிறேன், நூற்றுக்கு நூறு.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்