திரும்பி வரும் கப்பல்

உல்லாசக் கப்பலில் போய்வந்தவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் அறிவுரை, கப்பல் புறப்படும் நாளன்று துறைமுகத்துக்கு வந்து சேராதே என்பதுதான். பேருந்து பழுதாகலாம். ஜொகூர் பாலத்தில் நான்கு மணி நேரம் நிற்க நேரலாம். விமானத்தைத் தவறவிட்டால் அடுத்த விமானம் உண்டு. கப்பலுக்கு அப்படி இல்லை. ஆகவே இரண்டு மூன்று நாள் முன்கூட்டியே வந்து, ஒரு விடுதியில் தங்கி, ஊரைச் சுற்றிவிட்டு நிதானமாக ஏற வேண்டும். அந்த நாள்களை யாரும் பயணக் கணக்கில் சேர்ப்பதில்லை. எத்தனை படம் எடுத்தாலும் பேஸ்புக்கில் ஏறுவது கப்பல் படங்கள்தாம்.

நாங்கள் மூன்று நாள் முன்னதாகச் சிங்கப்பூர் வந்தோம். நான், அத்தை, பாட்டி. அத்தை ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது போட்ட திட்டம். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டு, நான்கு இரவுகள் கழித்துச் சிங்கப்பூரிலேயே இறங்குவது. கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் ஒரு துறைமுகம் இருக்கும்போது இங்கே வந்ததற்குக் காரணம் பாட்டிதான். 1955இல், ஒன்பது வயதில், அவர் கப்பலிலிருந்து வந்து இறங்கிய ஊர் இது. கல்யாணமாகிக் கிள்ளான் பக்கம் தோட்டத்துக்குப் போகும்வரை வளர்ந்ததும் இங்கேதான்.

தேக்காவில் ஒரு மலிவான விடுதி. முதல் நாள் காலை பசியாறும்போது பாட்டி கேட்டார்.

“கப்பல் எங்கடி போவுது?”

“பினாங்கு, புக்கெட் போய்ட்டு திரும்ப இங்கயே வந்துரும் பாட்டி.”

“இங்கயே திரும்பி வர்றதுக்கா இவ்ளோ காசு குடுத்தீங்க?”

அத்தை சிரித்தார். நானும் சிரித்தேன். பாட்டி சிரிக்கவில்லை. தோசையைப் பிய்த்துக்கொண்டே, “திரும்பி வருதுன்னா அது கப்பலே இல்லடி” என்றார்.

பாட்டிக்குத் தெரிந்த கப்பல் ‘ரஜூலா’. நம் வீட்டுப் பெரியவர்களின் பேச்சில் பாதிக் கதாபாத்திரமாகவே வாழும் பெயர் அது. 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்காக ஓடியது. சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றி, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் என்று நின்று சிங்கப்பூர் வரும். அதன் சகோதரக் கப்பலான ‘ரோனா’ 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மானியக் குண்டில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் அதில் இறந்தார்கள். ரஜூலா போரிலும் தப்பி 1970கள் வரை ஓடி, 1974இல் உடைக்கப்பட்டது. நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகள் அதன் மேல்தளத்தில், பாய் விரித்த இடமே வீடாக, ஒரு வாரத்துக்கும் மேல் படுத்துக் கிடந்து வந்தவர்கள். டெக் பயணிக்கு அறை கிடையாது. நாங்கள் பதிவு செய்திருந்ததோ பலகணி வைத்த அறை. அதன் படத்தைக் கைப்பேசியில் காட்டியபோது பாட்டி கேட்டது ஒன்றுதான்: “மூணு பேரும் ஒரே ரூம்புதான?”

அன்றிலிருந்தே எனக்கு ஒன்று உறுத்தியது. பாட்டி குளிர்ந்த தண்ணீரைத் தொடவில்லை. முந்தானையை வாயருகே வைத்தபடி இருந்தார். இருமல் வந்தால் எழுந்து குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் இருமினார்.

சிங்கப்பூரைத் துறைமுக நகரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். கொள்கலன் கையாளுவதில் உலகிலேயே முன்னணியில் இருக்கும் துறைமுகங்களில் ஒன்று. ஆனால் மூன்று நாள் தங்கிச் சுற்றுகிறவரின் கண்ணில் துறைமுகம் படாது. கடல்கூட ஏதோ ஒரு கட்டடத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. இரண்டாம் நாள் தெலுக் ஆயர் தெருவுக்குப் போனபோது இது இன்னும் உறைத்தது. ஒரு காலத்தில் அதுதான் கடற்கரை. படகிலிருந்து இறங்கியவர்கள் உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்ல அந்தக் கரையிலேயே கோயிலும் பள்ளிவாசலும் எழுப்பினார்கள். சீனர்கள் கடல் தெய்வமான மாசோவுக்குக் கட்டிய தியான் ஹோக் கெங், கூச்சுப் பள்ளி என்று தமிழ் முஸ்லிம்கள் அழைத்த அல் அப்ரார் பள்ளிவாசல், 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்கா, எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கடலைத் தூர்த்தார்கள். பிறகும் தூர்த்தார்கள். இன்று தர்கா வாசலில் நின்றால் எதிரே தெரிவது அலுவலகக் கோபுரங்கள். நன்றி சொல்லக் கட்டிய வாசலை விட்டுக் கடல் போய்விட்டது.

தர்கா இப்போது மரபுடைமை நிலையம். பாட்டி படியருகே செருப்பைக் கழற்றினார். அவருடைய அம்மா நாகப்பட்டினத்தில் கப்பலேறும் முன் நாகூருக்கு நடந்தே போய் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டாராம். எல்லாரும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் அங்கே ஒரு சிங்கப்பூர்ச் சாமானை வைப்பதாக. “வச்சாங்களா?” என்று கேட்டேன்.

“எல்லாரும் போய்ச் சேரலையே” என்றார் பாட்டி. அதற்கு மேல் பேசவில்லை.

அங்கிருந்து தஞ்சோங் பகார். பாட்டியின் அப்பா ஹார்பர் போர்டில் மூட்டை தூக்கியவர். அந்தப் பக்கம் அப்போது துறைமுகத் தொழிலாளர்களால் நிறைந்தது. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் அங்கே திரளாக இருந்தார்கள். மேக்ஸ்வெல் சாலையில் அவர்களுடைய சங்கம் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி இருந்தது, 1982இல் மூடப்பட்டது. பாட்டி தேடியது அவர்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸை. ஒரு மரத்தை, ஒரு வளைவை, ஒரு மேட்டைக் கொண்டு அடையாளம் பார்த்தார். மேடுகூட இல்லை. கடைசியில், “இங்கேர்ந்து அப்பா வேலை முடிஞ்சு வர்றது தெரியும்” என்று ஒரு பேருந்து நிறுத்தத்தைக் காட்டினார். அதற்கு எதிரே ஒரு உடற்பயிற்சிக்கூடம்.

துறைமுகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இப்போது மேலே ஏற வேண்டும். டக்ஸ்டனில் இருக்கும் ஐம்பது மாடி வீவக குடியிருப்பின் உச்சியில் பாலம்போல ஒரு நடைபாதை. கட்டணம் கட்டி மின்தூக்கியில் ஏறினோம். அங்கிருந்து தெரிந்தது பாட்டியின் துறைமுகம். 1972இல் இந்த வட்டாரத்தின் முதல் கொள்கலன் கப்பல் வந்து நின்றது அங்கேதான். இப்போது நகரத்தை ஒட்டிய முனையங்கள் ஒவ்வொன்றாக மேற்கே துவாசுக்கு இடம் மாறுகின்றன. துவாஸ் துறைமுகம் 2022இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. 2040களில் எல்லாம் அங்கே போய்விடும். மூட்டை தூக்கிய கையும் போய், பாரந்தூக்கியும் போய், கடைசியில் துறைமுகமே போகிறது.

பாட்டி துறைமுகத்தை அதிகம் பார்க்கவில்லை. அதைத் தாண்டித் தெற்கே கிடந்த தீவுகளைப் பார்த்தார். “அதுல எதுடி செயின்ட் ஜான்ஸ்?”

அப்படித்தான் மூன்றாம் நாள் எங்கள் திட்டத்தில் இல்லாத ஓர் இடத்துக்குப் போனோம். செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் படகு மரினா சவுத் படகுத்துறையிலிருந்து கிளம்புகிறது. உல்லாசக் கப்பல்கள் நிற்கும் மரினா பே நிலையம் அதற்கு அடுத்ததுதான். மறுநாள் நாங்கள் ஏற வேண்டிய இடத்தைக் கடந்தே படகு போனது.

அந்தத் தீவில் 1874இல் தொற்றுநோய்த் தடுப்பு முகாம் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு சிங்கப்பூரில் பரவிய காலரா அதற்குக் காரணம். கப்பலில் வரும் டெக் பயணிகளை அங்கே இறக்கி, துணிகளை ஆவியில் வேகவைத்து, நாள் கணக்கில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குள் விடுவார்கள். பின்னர் அரசியல் கைதிகளையும் அங்கே அடைத்தார்கள். பின்னாளில் சிங்கப்பூர் அதிபரான தேவன் நாயரும் 1950களின் தொடக்கத்தில் அங்கே தடுப்புக்காவலில் இருந்தவர். அதற்கும் பிறகு போதைப்பொருள் மறுவாழ்வு நிலையம். இப்போது கடல் ஆய்வுக்கூடமும், மரத்தடியில் தூங்கும் பூனைகளும்.

பாட்டியால் வெகுதூரம் நடக்க முடியாது. படகுத்துறைக்குப் பக்கத்திலேயே ஒரு கல்மேடையில் உட்கார்ந்தோம். அங்கேதான் சொன்னார்.

நாகப்பட்டினத்தில் அவர்கள் காத்திருந்ததும் மூன்று நாள். அங்கே கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாது என்று கடலுக்குள்ளேயே தள்ளி நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். அதற்கு முன்னால் மருத்துவச் சோதனை. பாட்டி, பாட்டியின் அம்மா, அக்கா. அக்காவுக்குப் பதினான்கு வயது. முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலை அக்காவுக்கு உடம்பு சுட்டது. வரிசையில் நிற்கும்போது இருமினாள். டாக்டர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஓரமாக நிற்கச் சொன்னார்.

“அடுத்த கப்பல்ல அனுப்பிவைக்கிறேன்னு எங்க மாமா சொன்னாரு. அம்மா படகுல ஏறமாட்டேன்னு அழுதாங்க. அப்பா அங்க காத்துக்கிட்டிருக்காரு, டிக்கெட்டு வாங்கியாச்சு, பேப்பரெல்லாம் போட்டாச்சு. ஏத்தி விட்டுட்டாங்க.”

1953க்குப் பிறகு மலாயாவும் சிங்கப்பூரும் குடிநுழைவுக் கட்டுப்பாட்டை இறுக்கியிருந்தன. இங்கே ஏற்கெனவே இருப்பவரின் மனைவி, பிள்ளைகள் என்பதால்தான் இவர்களுக்கே அனுமதி கிடைத்தது. இன்னொரு டிக்கெட்டுக்குப் பணம் சேர்வதற்குள் அக்காவுக்கு அங்கேயே கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். கடிதங்கள் வந்தன. போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் பேச்சு நடக்கும். ரஜூலா நின்று ‘சிதம்பரம்’ ஓடியது. 1985இல் அதிலும் தீப்பிடித்து, அந்தக் கப்பல் போக்குவரத்தே முடிந்தது. தோட்டத்துச் சம்பளத்தில் விமானம் எட்டவில்லை. அக்கா 1991இல் இறந்துபோனார். தந்தி வந்தது.

“இங்க எங்கள அஞ்சு நாள் வச்சிருந்தாங்க” என்று பாட்டி தீவைக் காட்டினார். “தெனம் ஒரு கப்பல் வந்து நிக்கும். அம்மா தெனமும் கரையில வந்து நின்னு பாப்பாங்க. அடுத்த கப்பலு அவ்ளோ சீக்கிரம் வராதுன்னு யாரும் அவங்களுக்குச் சொல்லல.”

சொல்லி முடித்ததும் அடக்க முடியாமல் இருமினார். குழாய் இல்லை, மறைக்கச் சத்தமும் இல்லை. அத்தை அவரையே பார்த்தார். “எத்தன நாளாம்மா?”

“கிள்ளான்லேர்ந்தே. சொன்னா நிறுத்திப்புடுவீங்க. நீங்க நிறுத்தலனாலும் அவங்க நிறுத்திப்புடுவாங்க.”

அன்று மாலையே தேக்காவில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். சாதாரணத் தொண்டை இருமல், காய்ச்சல் இல்லை, பரிசோதனையிலும் தொற்று எதுவும் இல்லை என்று மருத்துவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். பாட்டி அதை நான்காக மடித்து, சுருக்குப்பையில் வைத்து, இரவு முழுக்கத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார்.

நாம் ‘பயணம்’ என்று சொல்வதில் காத்திருப்புக்கு இடமே இல்லை. நம் முன்னோர் வந்த கதையைச் சொல்லும்போதும் கப்பலைச் சொல்கிறோம், தோட்டத்தைச் சொல்கிறோம். நடுவே துறைமுகத்தில் கிடந்த நாள்களைத் தாண்டிவிடுகிறோம். ஆனால் யார் போவது, யார் நிற்பது என்று முடிவானது அந்த நாள்களில்தான். எங்கள் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது கடலில் இல்லை. கரையில், ஒரு வரிசையில், யாரோ ஒருவரின் கை ஒரு நெற்றியைத் தொட்டபோது. பாட்டியின் அக்காவைப் பற்றி எனக்கு முப்பது வயதுவரை தெரியாது. அப்பாவுக்கும் பாதிதான் தெரியும். அவர் பெயர் எந்தக் கப்பலின் பயணிகள் பட்டியலிலும் இருக்காது. ஏறியவர்களை எழுதிவைத்த தாள்கள் எங்காவது இருக்கலாம். ஓரமாக நிறுத்தப்பட்டவர்களுக்கு அதில் வரி ஏது?

நான்காம் நாள் நண்பகல், கப்பல் நிலையம். பெட்டிகளைச் சீட்டுக் கட்டி ஒப்படைத்துவிட்டு நீண்ட வரிசையில் நின்றோம். உடல்நலப் படிவத்தில் இருமல் உண்டா என்று ஒரு கேள்வி. அத்தை ‘ஆம்’ என்று குறித்தார். முகப்பில் இருந்த பெண் எங்களைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள். பாட்டியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. எழுபத்தொன்பது வயதில் அவ்வளவு பிடி இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

ஒரு தாதி வந்தார். வெப்பநிலை பார்த்தார். சீட்டைப் படித்தார். இரண்டு கேள்வி கேட்டார், அத்தை மலாயில் பதில் சொன்னார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். “போகலாம் பாட்டி” என்று தமிழிலேயே சொல்லிச் சிரித்தார் அந்தத் தாதி.

பாட்டி நகரவில்லை. “நீ முன்னாடி போ” என்று என்னைத் தள்ளினார். பிறகு அத்தையைத் தள்ளினார். நாங்கள் இருவரும் தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் நின்ற பிறகுதான், சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, அவர் வந்தார்.

மாலையில் கப்பல் அசைந்தபோது பலகணியில் மூன்று நாற்காலிகளை நெருக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தோம். கோபுரங்கள் மெல்ல நகர்ந்தன. தெற்குத் தீவுகள் பக்கத்தில் வந்து, பின்னால் போயின. பாட்டி என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். பிறகு, மூன்று நாளில் முதல் முறையாக, முந்தானையை எடுக்காமல், வாய்விட்டு இருமினார்.