பழைய காரும் கிணற்றுத் தண்ணீரும்

யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களை இன்றும் காணலாம். 1990களில் பெற்றோல் தடைப்பட்டபோது மண்ணெண்ணெயில் ஓடி, நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் சுமந்தவை இவை.

நிழல் அரிதான ஆனையிறவு வெளியில், சித்திரை வெயிலில் எஞ்சின் கொதித்துவிடும். வெயில் மட்டும் காரணமல்ல. குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். கேத்தலில் வெள்ளையாகப் படிவதே றேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கிறது, சூடு வெளியேறாது. ஆகவே கிணற்றுத் தண்ணீரைத் தவிர்த்து, காய்ச்சி வடித்த நீரில் கூலன்ற் கலந்து ஊற்றுவதே நல்லது. காற்றாடிப் பட்டியும் தளரக்கூடாது.

சகோதரிகளே, வாடகைக் காரில் போகும்போது எஞ்சின் கொதித்தால் ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். மூடியை உடனே திறக்கவிடாதீர்கள்; கொதிநீர் முகத்தில் சீறும். நன்றாக ஆறட்டும். அவசரப் பயணத்திலும் அந்தப் பொறுமை கண்களைக் காக்கும்.