உயிரோடு இருக்கும்போதே ஒரு தொகுதி

டொரொன்டோ

அன்புள்ள மருமகனுக்கு,

மண்டூரிலிருந்து நீ அனுப்பிய கதை வந்து சேர்ந்தது. கதை எப்படி என்று ஒரு வரியில் கேட்டுவிட்டு, இதை எங்கே அனுப்பினால் போடுவார்கள் என்பதைத்தான் ஒரு பக்கம் முழுக்கக் கேட்டிருக்கிறாய். சென்னையில் ஏதாவது பதிப்பகம் தெரியுமா, மாமா ஒரு சொல் சொன்னால் எடுப்பார்களா என்றும் ஒரு கேள்வி. உன் வயதுப் பிள்ளைகள் வேறு சிலரும் இதையே எழுதிக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே எல்லோரும் படிக்கும் இந்த மடலிலேயே பதிலை எழுதிவிடுகிறேன்.

முதலில் கதை. குருமண்வெளித் துறையில் மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் பாதை புறப்படப்போகும் நேரம். ஒரு தாய் ஓடிவந்து, "இன்னும் ஒரு ஆள் வரோணும், கொஞ்சம் பொறுங்க தம்பி" என்கிறாள். பாதைக்காரர் கயிற்றை அவிழ்க்காமல் நிற்கிறார். மோட்டார் சைக்கிளோடு ஏறியவர்கள் நேரம் போகிறது என்று சத்தம் போடுகிறார்கள். அவள் காத்திருப்பது 1990இல் காணாமற்போன மகனுக்காக என்பது அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையொன்று தன் புத்தகப் பையை அவளிடம் நீட்டி, "இதைக் கொஞ்சம் வச்சிருங்க அம்மம்மா" என்று கேட்கிறது. அவள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறாள், பாதை புறப்படுகிறது. இதை எழுதியவன் அந்தத் துறையில் பல நாள் நின்று பார்த்தவன் என்று எவருக்கும் தெரியும். மருமகன், எனக்குச் சந்தோஷம்.

ஆனால் அதற்குப் பிறகு போரைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். அதை அப்படியே எடுத்துவிடு. பை கை மாறும்போதே கதை முடிந்துவிட்டது. நம் பகுதியிலேயே இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. பாண்டிருப்பைச் சேர்ந்த உமா வரதராஜன் எழுதிய 'அரசனின் வருகை'யைத் தேடிப் படி. கொலையும் பயமும் ஊரை மூடியிருந்த காலத்தில், ஓர் அரசன் ஊருக்கு வரப்போகிறான் என்று பழங்கதைபோல எழுதப்பட்ட கதை. எந்தப் படையின் பெயரும் அதில் தேவைப்படவில்லை. படித்தவர்களுக்கு யார், எங்கே, எப்போது என்று ஒருவரும் சொல்லித்தர வேண்டியும் இருக்கவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். வாவிக் கரையில் கதை எழுதியவர்களுக்கு அச்சில் வருவது ஒரு காலமும் பெரிய கஷ்டமாக இருந்ததில்லை என்பதே என் எண்ணம். கஷ்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தக் காலத்து முறையைச் சொல்கிறேன். புல்ஸ்காப் தாளில் ஒரு பக்கம் மட்டும், இடப்புறம் இரண்டு விரல் இடம் விட்டு எழுதவேண்டும். கார்பன் தாள் வைத்து ஒரு பிரதி எடுத்துக்கொள்பவர்கள் கவனமானவர்கள். தபால் உறைக்குள்ளே முத்திரை ஒட்டிய இன்னோர் உறையில் சொந்த விலாசம் எழுதி வைக்கவேண்டும், கதை திரும்பி வருவதற்கு. பிறகு ஞாயிறுதோறும் கடையில் நின்று தினகரன் வாரமஞ்சரியையும் வீரகேசரியையும் புரட்டிப் பார்க்கவேண்டும். கொழும்புப் பத்திரிகைகள் கிழக்கிலங்கையின் எழுத்துக்குக் கதவைச் சாத்தவில்லை. சுதந்திரனிலும் பிறகு தினபதி, சிந்தாமணியிலும் ஆசிரியராக இருந்த எஸ்.டி.சிவநாயகம் நம் மட்டக்களப்பு மனிதர்தான். தினபதியில் 'தினம் ஒரு சிறுகதை' என்று ஒரு திட்டமே நடந்தது. நாளுக்கு ஒரு கதை என்றால் எத்தனை புதுப் பெயர்கள் வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பார். எழுபதுகளின் தொடக்கத்தில் இந்திய வாரப்பத்திரிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது உள்ளூர் இதழ்களுக்கு இன்னும் இடம் கிடைத்தது. 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகை எல்லாப் பிரதேசத்துக்கும் பக்கம் ஒதுக்கியது. ஆரையம்பதி அன்புமணி 1970இல் மட்டக்களப்பிலிருந்தே 'மலர்' என்ற இதழை நடத்தினார்.

ஆக, கதைகள் வந்தன. வந்து எங்கே போயின? ஞாயிறு படித்த பத்திரிகை செவ்வாய்க்கிழமை கடையில் சீனி சுற்றப் போய்விடும். எழுதியவர் வெட்டி ஒட்டி வைத்த கொப்பி ஒன்றுதான் மிச்சம். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி அடித்தது. கூரை போன வீடுகளில் அலுமாரிக்குள் இருந்த கொப்பிகள் ஒட்டுமொத்தமாக ஊறிக் களியாகின. எங்கள் வீட்டில் தாள்களைப் பிரித்து வெயிலில் காயவைத்துப் பார்த்தோம். மை ஓடி, ஒரு பக்கத்தின் எழுத்து மறுபக்கத்தில் ஏறி, ஒரு வரியும் படிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு இடப்பெயர்வுகள், 2004இல் கடல்கோள். இடம்பெயர்ந்து ஓடுகிறவன் உரப்பையில் அரிசியையும் அடையாள அட்டையையும் வைப்பானா, கதைக் கொப்பியை வைப்பானா?

கோட்டைமுனையைச் சேர்ந்த பித்தன் என்ற கே.எம்.ஷா நாற்பதுகளின் கடைசியிலிருந்து எழுதியவர். அவருடைய 'பாதிக் குழந்தை'யை ஈழத்தின் நல்ல கதைகளில் ஒன்றாக இன்றும் சொல்கிறார்கள். முஸ்லிம் வாழ்வின் உள்ளறைகளைப் பயமில்லாமல் எழுதிய முன்னோடி. அவர் 1994இல் இறந்தார். 'பித்தன் கதைகள்' என்ற புத்தகம் 1995இல் வந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் எழுத்தாளராக அறியப்பட்ட ஒரு மனிதர் தன் பெயர் போட்ட கதைத் தொகுதியைக் கையில் எடுத்துப் பார்க்காமலேயே போய்விட்டார். பாண்டிருப்பு சண்முகம் சிவலிங்கத்தைக் கவிஞராக எல்லோருக்கும் தெரியும். அவருடைய சிறுகதைகள் 'காண்டாவனம்' என்று தொகுதியாக வந்தது 2014இல், அவர் கண்மூடி இரண்டு வருடம் கழித்து. ஓட்டமாவடிப் பக்கம் எஸ்.எல்.எம்.ஹனீபா அறுபதுகளிலிருந்து எழுதுகிறவர். அவருடைய 'மக்கத்துச் சால்வை' 1992இல்தான் புத்தகமானது. மூன்று பேரும் சோம்பேறிகள் இல்லை, மூவரின் கதைகளும் சாதாரணமானவையும் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

காரணம் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. எங்களுக்குப் பதிப்பகம் என்று சொல்லும்படி எதுவும் நிலைத்து நிற்கவில்லை. கொழும்பில் எம்.ஏ.ரஹ்மான் 'அரசு வெளியீடு' என்று நடத்தி, மூதூர் வ.அ.இராசரத்தினத்தின் 'தோணி'யை 1962இல் கொண்டுவந்தார். சாகித்திய மண்டலப் பரிசும் அதற்குக் கிடைத்தது. மட்டக்களப்பில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்த எஸ்.பொன்னுத்துரையின் 'வீ'யும் ரஹ்மான் போட்டதுதான். அப்படிப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். மற்றப்படி எழுத்தாளரே முதலாளி, எழுத்தாளரே விற்பனையாளர். வாத்தியார் சம்பளத்தில் அல்லது கிளாக்கர் சம்பளத்தில் கடன்பட்டு முந்நூறோ ஐந்நூறோ அடிப்பது. பிறகு வெளியீட்டு விழா. வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை எல்லாம் நடக்கும். முதற்பிரதியை ஊரிலுள்ள வர்த்தகர் ஒருவர் பெறுவார். சிறப்புப் பிரதி வாங்க வருகிறவர்கள் கடித உறையில் காசு வைத்துக் கொடுப்பார்கள், வாசலில் மேசை போட்டு ஒரு பிள்ளை பெயரை எழுதும். நல்ல மனம் உள்ளவர்களின் அந்த உறைகளால்தான் நம் இலக்கியத்தில் பாதி அச்சாகியிருக்கிறது. இதைக் குறைவாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மிஞ்சிய கட்டு மட்டும் கட்டிலுக்கடியில் கறையானுக்குப் போகிறது. புத்தகத்தைக் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க ஆளில்லை.

சென்னையைப் பற்றிக் கேட்டாய். எஸ்.பொன்னுத்துரை நைஜீரியா, அவுஸ்திரேலியா என்று போனபிறகு, சென்னையில் 'மித்ர' பதிப்பகத்தை நிறுவினார். இந்திரா பார்த்தசாரதியோடு சேர்ந்து 1994இல் 'பனியும் பனையும்' தொகுதியைக் கொண்டுவந்தார். பல நாடுகளுக்குச் சிதறிய 39 பேரின் கதைகள் அதில் ஒன்றாக வந்தன. என்போன்றவர்களுக்கு அது பெரிய தெம்பு. பதிப்பகம் ஒன்றை ஓர் எழுத்தாளனே தூக்கி நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. இன்றைக்கும் சென்னையில் போட்டால் தமிழ்நாட்டு வாசகரிடம் போய்ச் சேரும், உண்மைதான். ஆனால் முதல் கதை எழுதுகிறவனிடம் காசு கேட்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அதோடு, அங்கே அச்சான புத்தகம் மண்டூருக்கு வரும்போது அதன் விலை உன் அயலவர்களால் வாங்கமுடியாத விலையாகிவிடும்.

ஆகவே கதையை முதலில் பக்கத்திலேயே கொடு. மட்டக்களப்பில் 'மகுடம்' 2012இல் தொடங்கிய இதழ். அதற்கு முன்பே செங்கதிரோன் 'செங்கதிர்' நடத்தினார். கொழும்பில் 'ஞானம்', வடமராட்சியில் 'ஜீவநதி' என்று சொந்தக் காசைக் கரைத்து இதழ் நடத்துகிறவர்களுக்கு எழுது. பாதை என்றால் வாவியைக் கடக்கும் மிதவை என்று மட்டக்களப்பு ஆசிரியருக்கு அடிக்குறிப்பு போடத் தேவையில்லை. எந்த இடத்தில் கதை தொய்கிறது என்று நேரில் உட்காரவைத்துச் சொல்லவும் அவரால் முடியும். 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடப் பரீட்சைகளே தள்ளிப்போன நாட்டில், சிற்றிதழ் நடத்துவது எவ்வளவு பெரிய வேலை என்பதை மறந்துவிடாதே. கதை அனுப்புகிறவன் அந்த இதழுக்குச் சந்தாவும் கட்டவேண்டும். அனுப்பிய கதைக்குப் பதில் வரவில்லையென்றால் கோபப்படாதே. ஒருமுறை மரியாதையாகக் கேள், பிறகு வேறிடம் அனுப்பு. ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதே.

கதை வந்ததும் இதழின் பெயர், மாதம், ஆண்டு மூன்றையும் கொப்பியில் எழுதி வை. கதையைக் கணினியில் தட்டச்சு செய்து இரண்டு இடத்தில் வை, ஒன்று ஊருக்கு வெளியே இருக்கட்டும். ஒன்று எனக்கு அனுப்பு, நான் வைத்திருக்கிறேன். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் சேர்த்து வருகிறது. உன் கதை வந்த இதழ் அங்கே இருக்கிறதா என்று பார்த்துக்கொள். நல்ல கதை பத்து அல்லது பன்னிரண்டு சேர்ந்தால் தொகுதி போடு. இன்னும் நன்றாக எழுதிவிட்டுப் போடலாம் என்று ஐம்பது வயது வரைக்கும் காத்திருக்காதே. அச்சுக்கூலியில் மாமாவின் பங்கு நிச்சயம் உண்டு. ஆனால் போரைப் பற்றிய அந்த ஒன்றரைப் பக்கத்தை எடுத்துவிட்டுத்தான் அனுப்பவேண்டும்.

இனி இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். களுவாஞ்சிக்குடியிலோ கொக்கட்டிச்சோலையிலோ ஏறாவூரிலோ காத்தான்குடியிலோ, இங்கே ஸ்கார்பரோவிலோ, உங்கள் அப்பாவின் அல்லது பெரியம்மாவின் பெட்டிக்குள் பழைய தினபதி வெட்டுத்துண்டோ, மலர் இதழோ, கையெழுத்தில் ஒரு கதையோ கிடக்கலாம். பழைய பேப்பர்காரனுக்குக் கொடுக்கமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பெயர் தெரியாத எழுத்தாளர் என்றாலும் பரவாயில்லை. கைத்தொலைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து நூலகம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள், அல்லது மூலத்தையே ஊரிலுள்ள பொது நூலகத்தில் ஒப்படையுங்கள். இந்த மாதமே செய்யுங்கள்.

அன்புடன்,
மாமா